சயான் பேருந்தா, ஆர்ச்சஸ் முன்பதிவா?

அமெரிக்காவின் யூட்டா மாநிலத்தில் இருக்கும் இந்த இரண்டு தேசியப் பூங்காக்களுக்கும் ஒரே தலைவலி: கார்.

சயான் 2000-லேயே முடிவெடுத்துவிட்டது. சீசனில் பள்ளத்தாக்குச் சாலைக்குள் சொந்தக் காரில் போக முடியாது. உள்ளே விடுதியில் தங்குபவர்களுக்கு விலக்கு உண்டு. மற்றவர்களுக்கு இலவசப் பேருந்து இருக்கிறது. விடுமுறை நாட்களில் வரிசை நீளும், உண்மைதான். ஆனால் இறங்கியதும் பார்க்கிங் சண்டை இல்லை, கார் இரைச்சல் இல்லை. வர்ஜின் ஆற்றின் சத்தம் காதில் விழும். முன்கூட்டியே திட்டமிடாதவரும் உள்ளே போகலாம் என்பது எனக்கு ரொம்ப முக்கியமாகப் படுகிறது.

ஆர்ச்சஸில் 2022-ல் சோதனையாக வந்தது நேர முன்பதிவு, அதாவது காரில் நுழையும் நேரத்தை முன்கூட்டியே பதிவு செய்வது; 2025 வரை அது இருந்தது. அதற்கு முன்பு, இடம் நிரம்பினால் வாசலை மூடி, சில மணி நேரம் கழித்து வரச் சொல்வார்கள். பார்க்கிங் கிடைக்காதவர்கள் சாலையோர மண்ணில் காரை ஏற்றிவிடுவார்கள். அந்த மண்ணின் மேல் கறுப்பாக, பொருக்குத் தட்டியதுபோல் ஓர் உயிர்ப்படலம் இருக்கிறது. நுண்ணுயிர்களும் பாசியும் சேர்ந்து மணலைப் பிடித்து வைத்திருக்கும் படலம் அது. ஒரு சக்கரம் ஏறினால் போதும், மீள்வதற்குப் பல ஆண்டுகள் பிடிக்கும். முன்பதிவு நெரிசலை நாள் முழுக்கப் பரப்பியது. ஆனால் கார்கள் பூங்காவுக்குள் வருவதை அது தடுக்கவில்லை.

சயான் பள்ளத்தாக்கில் சாலை ஒன்றுதான், அதுவும் முட்டுச்சாலை, பேருந்துக்கு வசதி. ஆர்ச்சஸில் பார்க்கும் இடங்கள் சிதறிக் கிடக்கின்றன. அப்படியிருந்தும், அந்த மண்ணை நினைத்தால் என் ஓட்டு பேருந்துக்குத்தான்.