ஜிபிஏ 3.0-க்குக் கீழே: அமெரிக்க மாஸ்டர்ஸுக்கு எந்த வழி எடுபடும்?

அமெரிக்கப் பல்கலைக்கழகங்களில் பெரும்பாலானவை மாஸ்டர்ஸ், பிஎச்டி இரண்டுக்கும், இளநிலைப் படிப்பின் சராசரி மதிப்பெண்ணான ஜிபிஏ 4.0-க்கு 3.0 வேண்டும் என்று ஒரு கோடு போட்டு வைத்திருக்கின்றன. 2.7 வைத்திருப்பவர் காதில் விழும் யோசனைகள் நான்கு: ஜிஆர்ஈ நுழைவுத் தேர்வில் மார்க் அள்ளு, தனியாகச் சில பாடங்கள் எடு, ஆராய்ச்சி வேலைக்குப் போ, பழைய மார்க்கே கேட்காத ஆன்லைன் டிகிரியில் சேர்.

முதலில் டிரான்ஸ்கிரிப்டை (மதிப்பெண் பட்டியலை) எடுத்து, கடைசி 60 கிரெடிட்டுக்கு (பாடங்களின் அளவைக் கணக்கிடும் அலகு) மட்டும் ஜிபிஏ போட்டுப் பாருங்கள். சியாட்டிலில் உள்ள வாஷிங்டன் பல்கலைக்கழகம் 3.0 கேட்பதே அந்தக் கடைசி 60 செமஸ்டர் கிரெடிட்டுக்குத்தான். முதல் வருடம் சறுக்கி, பிறகு எழுந்தவருக்கு இந்த அலசலே தேவைப்படாமல் போகலாம்.

ஜிஆர்ஈ இந்த நான்கு வழிகளில் மலிவானது, சீக்கிரம் முடிவது, பலன் குறைவானது. அதன் கணிதப் பகுதியான குவான்டில் 170-க்கு 167 வாங்கினால் கணக்கு வரும் என்பது தெரியும். ஆனால் மாணவர்களைத் தேர்ந்தெடுக்கும் துறைக் கமிட்டியின் சந்தேகம் வேறு: செமஸ்டர் முழுக்க இவர் ஒழுங்காகப் படிப்பாரா? இரண்டு மணி நேரத் தேர்வு அதற்குப் பதில் சொல்லாது. போதாக்குறைக்கு, பல துறைகள் ஜிஆர்ஈ கேட்பதையே விட்டுவிட்டன.

தனிப் பாடங்கள் விஷயத்தில் ஒரு தப்புக்கணக்கு பரவலாக இருக்கிறது. 120 கிரெடிட்டில் 2.7 எடுத்தவர் 3.0-ஐத் தொட, இன்னும் 36 கிரெடிட் முழுக்க ஏ (அதாவது 4.0) வாங்க வேண்டும். அதாவது மூன்று கிரெடிட் பாடங்கள் பன்னிரண்டு. 2.5 என்றால் 60 கிரெடிட், பாதி டிகிரி. அப்படியே வாங்கினாலும், டிகிரி முடிந்த பின் எடுத்ததைப் பழைய ஜிபிஏவோடு சேர்க்காத இடங்கள் உண்டு. ஆகவே எண்ணை உயர்த்தும் ஆசையை விட்டுவிடுங்கள். சேர விரும்பும் துறையின் மேல்நிலைப் பாடங்கள் இரண்டோ மூன்றோ, எல்லாவற்றிலும் ஏ: அது போதும், என் கணக்கில் காசுக்கு மிகவும் பெறுமானமான வழியும் இதுதான். பாடம் நடத்தியவரிடமே பரிந்துரைக் கடிதமும் கிடைக்கும். கெடுவது எங்கே? வேலையும் பார்த்துக்கொண்டு ஒரே செமஸ்டரில் நாலு பாடம் எடுத்து பி வாங்குவதில். அந்த பி, இருந்த சந்தேகத்தை உறுதியாக்கிவிடும். சுலபமான அறிமுகப் பாடத்தில் வாங்கிய ஏவுக்கும் மதிப்பில்லை.

பிஎச்டிதான் குறி என்றால் ஆராய்ச்சி வேலை மற்ற மூன்றையும் விட மேல். ஒன்றிரண்டு வருடம் பிடிக்கும். சோதனைக்கூடத்தில் வெறும் தரவு ஏற்றும் வேலையோடு நின்றால் கடிதத்தில் எழுத ஒன்றும் இருக்காது. சிறியதானாலும் உங்கள் பொறுப்பில் ஒரு பகுதியைக் கேட்டு வாங்குங்கள்.

நான்காவது, கொலராடோ போல்டர் பல்கலைக்கழகம் கோர்செரா என்ற ஆன்லைன் தளம் வழியாக நடத்தும் கம்ப்யூட்டர் சயன்ஸ், டேட்டா சயன்ஸ் மாஸ்டர்ஸ் போன்றவை. பழைய டிரான்ஸ்கிரிப்ட் வேண்டாம். குறிப்பிட்ட மூன்று பாடங்கள் அடங்கிய நுழைவுத் தொடரை 3.0 ஜிபிஏவோடு முடித்தால் அட்மிஷன், அந்தக் கிரெடிட்டும் டிகிரியில் சேரும். 2.5-க்குக் கீழே இருப்பவருக்கு நேர்மையான வழி. முழுக்க ஆன்லைன் என்பதால் மாணவர் விசா கிடைக்காது, பேராசிரியர்களோடு பழக்கமும் அவ்வளவாக வராது.

எந்த வழியானாலும், பணம் கட்டுமுன் துறையில் மேற்படிப்பு விண்ணப்பங்களைக் கவனிக்கும் கிராஜுவேட் கோஆர்டினேட்டருக்கு ஒரு மெயில் போடுங்கள்: "3.0 இல்லாத விண்ணப்பம் துறைக் கமிட்டியின் கைக்கு வருமா, அதற்கு முன்பே கிராஜுவேட் ஸ்கூல் (பல்கலைக்கழகத்தின் மேற்படிப்பு அலுவலகம்) தள்ளிவிடுமா?" கமிட்டிக்கு வரும் என்றால் மேலே சொன்னவை பலிக்கும். முன்பே தள்ளிவிடுவார்கள், விதிவிலக்கும் இல்லை என்றால் அந்த விண்ணப்பக் கட்டணத்தை வேறு இடத்துக்கு வைத்துக்கொள்ளுங்கள்.