சத்தம் கூடியது, இழுவை குறைந்தது: ஏர் இன்டேக் கிட் வாங்கும் முன் இதைப் படியுங்கள்

பொள்ளாச்சி, கோவைக் கடைகளில் வண்டிக்கு ஏர் இன்டேக் கிட் (எஞ்சினுக்குள் காற்று போகும் ஃபில்டரையும் குழாயையும் மாற்றும் செட்) மாட்டப் போகும் பாலக்காட்டு எல்லைக்காரர்களுக்காக இது. கொழிஞ்சாம்பாறையிலிருந்து போன ஒரு 1.5 லிட்டர் டீசல் எஸ்யூவிக்கு நடந்தது வேறு வண்டிக்கும் நடக்க வேண்டாம்.

"பதினஞ்சு குதிரை கூடுங்கண்ணா, மைலேஜும் ரெண்டு ஏறும்" என்றார்கள் கடைக்காரர்கள். குதிரை என்றால் குதிரைத்திறன், எஞ்சினின் சக்தி. கிட் 16,500 ரூபாய், மாட்டுக்கூலி 1,500. கைக்கு வந்தது ஒரு சிவப்புக் கூம்பு ஃபில்டர், 76 மி.மீ. அலுமினியக் குழாய், இரண்டு சிலிக்கான் ஜாயின்ட், நாலு ஹோஸ் கிளிப். கம்பெனி ஃபில்டர் பெட்டியைக் கழற்றி மூலையில் போட்டுவிட்டார்கள். ஓட்டிப் பார்க்கும்போது பானெட்டுக்குள் டர்போ (காற்றை அழுத்தி எஞ்சினுக்குள் தள்ளும் விசிறி) சீறியது. "சத்தத்தைக் கேளுங்க, பிக்கப் எப்பிடி ஏறிருக்குது பாருங்க." வண்டிக்காரரும் நம்பினார்.

இரண்டு வாரத்தில் மேடு ஏற வண்டி திணறியது. மூன்றாவது வாரம் செக் எஞ்சின் லைட். திரும்பப் போனபோது கிட்டில் குறையே இல்லை, இன்ஜெக்டர் அடைத்திருக்கிறது என்று சொல்லி 4,800 ரூபாய்க்குச் சுத்தம் செய்தார்கள். அதிலும் தீரவில்லை. அடுத்த பேச்சு: "மேப் போட்டாத்தான் கிட்டு வேலை செய்யும், 22,000 ஆகும்." மேப் போடுவது என்றால் எஞ்சினை நடத்தும் கணினியான ஈசியூவின் கணக்கை மாற்றுவது. அங்கேதான் அவர் நிறுத்தினார். பழைய பெட்டியைக் கேட்டால் அது ஏற்கெனவே பழைய இரும்போடு போயிருந்தது.

இழுவை குறைந்ததற்குக் காரணம் இன்ஜெக்டர் இல்லை. டர்போ டீசலில் உள்ளே போகும் காற்றை அளக்க எம்ஏஎஃப் சென்சார் இருக்கிறது. அது மொத்தக் காற்றை எண்ணுவதில்லை; குழாயின் நடுவே ஓடும் காற்றின் வேகத்தைப் பார்த்துக் கணக்குப் போடுகிறது. அந்தக் கணக்கு கம்பெனிக் குழாயின் விட்டத்துக்கு மட்டுமே பொருந்தும். இந்த வண்டியில் பழைய குழாய் 70 மி.மீ., புதியது 76. பரப்பளவு 18 சதவீதம் கூடிவிட்டது. அதே காற்று அகலமான குழாயில் மெதுவாகப் போகும். சென்சார் சுமார் 15 சதவீதம் குறைத்துச் சொல்லும். காற்று போதவில்லை, கரும்புகை வரும் என்று நினைத்து ஈசியூ டீசலைக் குறைத்துவிடும். டீசல் எஞ்சினில் சக்தியைத் தருவது டீசலின் அளவு. அதனால் காசு கொடுத்து இழுவையைக் குறைத்துக்கொண்டதுதான் மிச்சம். அதே எம்ஏஎஃப் பெட்ரோல் வண்டியில் இருந்தால் காற்றோடு சேரும் பெட்ரோல் குறைந்து கலவை மெலிந்து போகும். ஈசியூ சரிசெய்யப் பார்த்து, முடியாதபோது பி0171 என்ற கோளாறு எண்ணைப் பதிக்கும்.

எம்ஏஎஃப் இல்லாமல், மேனிஃபோல்டின் (சிலிண்டர்களுக்குக் காற்றைப் பிரிக்கும் குழாயின்) அழுத்தத்தை அளக்கும் மேப் சென்சாரை வைத்து ஓடும் சின்ன பெட்ரோல் கார்களில் இந்தக் கேடு வராது. ஆனால் லாபமும் வராது.

அடுத்தது வெப்பம். கம்பெனிப் பெட்டி மூடியிருப்பதும், அதன் மூக்கு கிரில் பக்கமாக வெளிக்காற்றைப் பார்த்து இருப்பதும் காரணத்தோடுதான். கூம்பு ஃபில்டர் பானெட்டுக்குள் திறந்தபடி உட்கார்ந்து ரேடியேட்டர் காற்றையும் மேனிஃபோல்டு சூட்டையும் இழுக்கிறது. 35 டிகிரி காற்றுக்குப் பதில் 65 டிகிரி காற்று போனால் அடர்த்தி 9 சதவீதம் குறையும். பத்து டிகிரிக்குச் சுமார் மூன்று சதவீதம் என்று மனதில் வைத்துக்கொள்ளலாம். வாளையார் எல்லை வரிசையில் வண்டி ஊரும்போது, ஈசியூவின் எண்களைப் படித்துக் காட்டும் ஓபிடி அடாப்டரில் இன்டேக் டெம்பரேச்சரைப் பாருங்கள், அது ஏறுவது கண்ணுக்கே தெரியும். தாங்கள் விற்பது "கோல்டு ஏர்" என்று சொல்லும் கடைக்காரரிடம் இந்த எண்ணைக் காட்டச் சொல்லுங்கள்.

சரி, கம்பெனி ஃபில்டர் உண்மையிலேயே காற்றைத் தடுக்கிறதா? இதற்குக் கடைக்காரரின் வாய் வேண்டாம், கொத்தனார் மட்டம் பார்க்கும் டியூப் போதும். இரண்டு மீட்டர் டியூபை யூ வடிவில் ஒரு பலகையில் கட்டுங்கள். ஒவ்வொரு கையும் ஒரு மீட்டர் இருக்கட்டும். பாதிவரை கலர் தண்ணீர் ஊற்றுங்கள். ஒரு முனையிலிருந்து மெல்லிய குழாயை, ஃபில்டருக்குப் பிறகும் டர்போவுக்கு (பெட்ரோலில், பெடலோடு திறந்து மூடும் திராட்டில் தட்டுக்கு) முன்பும் உள்ள சின்ன நிப்பிளில் மாட்டுங்கள். மறுமுனை திறந்திருக்கட்டும். பலகையைக் கேபினுக்குள் வைத்து, பக்கத்தில் ஒருவரை உட்காரவைத்து, வண்டி வராத நேரான சாலையில் மூன்றாம் கியரில் முழுப் பெடல் கொடுத்து ஆர்பிஎம் (எஞ்சின் சுற்று வேகம்) உச்சம் வரை போங்கள். இரண்டு கைகளின் நீர்மட்டத்துக்கும் உள்ள வித்தியாசம்தான் தடுப்பு. 10 செ.மீ. என்றால் சுமார் 1 கிலோபாஸ்கல். வளிமண்டல அழுத்தம் கடல் மட்டத்தில் 101 கிலோபாஸ்கல். ஆக 10 செ.மீ. காட்டினால், ஃபில்டரையே கழற்றி எறிந்தாலும் கிடைப்பது ஒரு சதவீதம். 20 செ.மீ. காட்டினால் இரண்டு. 80 குதிரை பெட்ரோல் எஞ்சினுக்கு அது ஒன்றரைக் குதிரை, அதுவும் பெடலை முழுதாக மிதித்து உச்ச ஆர்பிஎம்மில் மட்டும். டர்போ வண்டியில் அதுகூடத் தெரியாது, ஏனென்றால் ஈசியூ தனக்கு வேண்டிய பூஸ்டை (டர்போ தரும் காற்றழுத்தத்தை) எப்படியும் எட்டிவிடும். டியூபில் தண்ணீர் மிக அதிகமாக ஏறினால் கிட் வாங்க வேண்டாம். ஃபில்டர் அடைத்திருக்கிறது, புதுக் காகித ஃபில்டர் போடுங்கள்.

இதைவிடப் பெரிய வித்தியாசத்தை மலை காட்டும். 1,000 மீட்டருக்கு மேலே ஏறி வால்பாறை போனால் டர்போ இல்லாத எஞ்சின் பத்து சதவீதத்துக்கு மேல் சக்தி இழக்கும். கீழே இறங்கினால் அது தானே திரும்பி வரும். அந்த அளவு மாற்றத்தை ஒரு குழாய் தரும் என்று எவர் சொன்னாலும் நம்ப வேண்டாம்.

மைலேஜ் கூடும் என்பதும் அப்படித்தான். பெட்ரோல் வண்டி சாதாரணமாக ஓடும்போது காற்றை அடைப்பது திராட்டில் தட்டு. ஃபில்டரில் தடுப்பைக் குறைத்தால் அந்தத் தட்டை இன்னும் கொஞ்சம் மூடி ஓட்டுவீர்கள், அவ்வளவுதான். ஊதல் சத்தம் கூடுவதற்குக் காரணம் பெட்டியில் இருந்த, சத்தத்தை அடக்கும் ரெசனேட்டர் அறை போய்விட்டது. சத்தம் வந்தால் காது வேகம் என்று நினைக்கும். விற்பவர்களுக்கு இது நன்றாகத் தெரியும்.

டைனோ (சக்கரத்தில் வரும் சக்தியை அளக்கும் எந்திரம்) காகிதம் காட்டினால்? முன்னும் பின்னும் ஒரே நாள், ஒரே கியர், ஒரே டயர் காற்று, தலா மூன்று ஓட்டம், இன்டேக் வெப்பம் எழுதியிருக்கிறதா என்று பாருங்கள். ஒரே வண்டியை மாற்றமே இல்லாமல் இரண்டு முறை ஓட்டினாலும் ஒன்றிரண்டு சதவீதம் மாறும். அடைத்த பழைய ஃபில்டரோடு "முன்" ஓட்டத்தை எடுப்பது பழைய வித்தை. போன் ஆப் காட்டும் குதிரைக் கணக்கை ஒதுக்கிவிடுங்கள். 12 வோல்ட் "எலக்ட்ரிக் டர்போ" விசிறியும் வேண்டாம். 1.2 லிட்டர் எஞ்சின் 6,000 ஆர்பிஎம்மில் நிமிடத்துக்கு 3,200 லிட்டருக்கு மேல் காற்று குடிக்கும், அதை 0.1 பார் அழுத்தவே 500 வாட்டுக்கு மேல் வேண்டும். ஒன்றரை ஆம்பியர் விசிறி தருவது 18 வாட். அது வழியில் நிற்கும் தடை.

தூசி நம் பக்கம் தனிக் கவலை. பொள்ளாச்சி, ஆனைமலை, சித்தூர் வழிகளில் நார் மில் தூள் காற்றிலேயே இருக்கிறது. மட்டமான கூம்பு ஃபில்டர் எளிதாகக் காற்று விடும் என்றால் தூசியையும் விடும். ஃபில்டருக்குப் பிறகுள்ள குழாயின் உள்ளே வெள்ளைத் துணியால் துடைத்துப் பாருங்கள். விரலுக்கு நறநறவென்று பட்டால் அந்தத் துகள் டர்போ பிளேடையும் பிஸ்டன் ரிங்கையும் தேய்த்துக்கொண்டிருக்கிறது. எண்ணெய் தடவும் துணி ஃபில்டரில் எண்ணெய் அதிகமானால் எம்ஏஎஃப் கம்பியில் படியும். எம்ஏஎஃப் கிளீனர் ஸ்பிரே மட்டும் அடிக்க வேண்டும். கார்ப் கிளீனர், கம்ப்ரஸர் காற்று கூடாது.

மழைக்காலத்தில் பம்பருக்குள் கீழே இறக்கிய குழாய் எஞ்சினையே முடித்துவிடும். தேங்கிய தண்ணீரை உறிஞ்சினால் தண்ணீர் அமுங்காது, கனெக்டிங் ராடு வளையும். தண்ணீரில் நின்றுபோனால் மறுபடி செல்ஃப் அடிக்காதீர்கள்.

கிட் எங்கேயும் பயன்படாது என்று சொல்லவில்லை. பெரிய டர்போ, கேம், எக்ஸாஸ்ட் எல்லாம் மாற்றி, அந்த வண்டிக்கென்றே டியூன் செய்த எஞ்சினுக்குப் பழைய பெட்டி போதாமல் போகலாம். வீட்டு வண்டிக்கு அந்த நிலை வராது.

ஏற்கெனவே மாட்டியிருந்தால்: கம்பெனிப் பெட்டி, குழாய், எம்ஏஎஃப் பழைய இடம், பிரீத்தர் ஹோஸ் (எஞ்சினின் உள்வாயுவை இன்டேக்குக்குக் கொண்டுவரும் குழாய்) எல்லாவற்றையும் திருப்பி மாட்டுங்கள். கடைகள் பிரீத்தரை அடைத்தோ சின்ன ஃபில்டர் சொருகியோ விட்டிருப்பார்கள், அதை மறக்க வேண்டாம். எம்ஏஎஃபைச் சுத்தம் செய்து, பதிந்த கோளாறு எண்ணை அழித்து, 100 கி.மீ. ஓட்டிவிட்டு மறுபடி ஸ்கேன் செய்யுங்கள். அந்தக் கொழிஞ்சாம்பாறை வண்டிக்கும் இதைத்தான் செய்தது. பழைய பெட்டி தொலைந்ததால் புதிதாக வாங்க வேண்டியதாயிற்று. கழற்றிய பெட்டியைக் கடையில் விடாமல் வீட்டுக்கு எடுத்துவாருங்கள்.

சட்டப் பக்கமும் உண்டு. கம்பெனி வடிவமைப்புக்கு மாறாக வண்டியை மாற்றக் கூடாது என்று மோட்டார் வாகனச் சட்டம் 52ஆம் பிரிவை வைத்து உச்ச நீதிமன்றம் 2019 ஜனவரியில் சொன்னது, கேரளத்திலிருந்து போன வழக்கில்தான். 182ஏ பிரிவில் மாற்றம் ஒன்றுக்கு 5,000 ரூபாய் அபராதம், அல்லது ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டும்.

ஏமாந்தவர்கள் "கடை தமிழ்நாட்டில், நாம் கேரளத்தில்" என்று விட்டுவிட வேண்டாம். 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி நீங்கள் குடியிருக்கும் மாவட்ட ஆணையத்திலேயே புகார் கொடுக்கலாம். பாலக்காட்டில் இருப்பவர் பாலக்காட்டிலேயே கொடுக்கலாம். நீங்கள் கொடுத்த பணம் ஐந்து லட்சம் ரூபாய் வரை என்றால் கட்டணம் இல்லை, இரண்டு ஆண்டுக்குள் கொடுக்க வேண்டும். முதலில் தேசிய நுகர்வோர் உதவி எண்ணான 1915க்கு அழைக்கலாம். பில்லில் "ஆக்சஸரீஸ்" என்று மட்டும் எழுதவிடாமல், எத்தனை குதிரை கூடும் என்று சொன்னார்களோ அதையும் எழுதிக் கேளுங்கள்.