ஆடியில் விதைக்க ஒரு விளக்கு: மீன்வெல் எச்.எல்.ஜி. 120எச்-48பி டிரைவரும் அதன் குமிழும்

ஆடிப்பட்டம் தேடி விதை என்பார்கள். அந்த ஆடி, தென்னாப்பிரிக்காவில் ஜோகன்னஸ்பர்க்கை அடுத்த எங்கள் லெனேசியாவில் காலைப் புல்லின்மேல் உறைபனி வெள்ளையாகப் படிந்திருக்கும் நடுக்குளிர்காலம். கடல்மட்டத்திலிருந்து 1,500 மீட்டருக்கு மேல் இருக்கும் இந்த ஊரில் மிளகாய் விதையை அப்போதே வீட்டுக்குள் முளைக்கவைத்து, பனி விலகும் புரட்டாசி வாக்கில் தோட்டத்துக்கு மாற்றினால்தான் கோடை முழுவதும் காய் பறிக்க முடியும். கறிவேப்பிலைக் கன்றும் அதுவரை உள்ளே இருந்தால்தான் இலை உதிராமல் தப்பும். அதற்காக அலுமினியச் சட்டத்தில் இரண்டு எல்.இ.டி. பலகைகளைப் பொருத்தி நானே ஒரு வளர்ப்பு விளக்கு செய்துகொண்டேன். அதற்கு ஏற்ற மின்சாரத்தை மாற்றித் தரும் டிரைவர்தான் மீன்வெல் நிறுவனத்தின் எச்.எல்.ஜி. 120எச்-48பி. இரண்டு குளிர்காலம் ஓடிவிட்ட நிலையில், அதன் ஒளியைக் கூட்டிக் குறைக்கும் வசதியைப் பற்றித்தான் முக்கியமாக எழுதுகிறேன்.

இதற்கு முன் ஒரு மலிவு டிரைவரைச் சுவர் டிம்மரோடு இணைத்திருந்தேன். அந்த வகை டிம்மர் 230 வோல்ட் மாறுமின்னோட்டத்தின் ஒவ்வொரு அலையிலும் ஒரு பகுதியை வெட்டிவிடும். அதற்கென வடிவமைக்கப்படாத டிரைவர், வெட்டப்பட்டதை ஈடுகட்டப் போராடித் துடிக்கும். கைப்பேசிக் கேமராவில் பார்த்தால் கறுப்புப் பட்டைகள் ஓடின, ஒரு மாதத்தில் டிரைவரே போய்விட்டது. மீன்வெல் டிரைவர் செய்வது வேறு: பலகைகளுக்குப் போகும் நேர்மின்னோட்டத்தையே சீராகக் குறைக்கிறது. அதனால் குறைந்த ஒளியிலும் துடிப்பு தெரிவதில்லை.

வாங்கும்போது கடைசி எழுத்தைப் பார்த்து வாங்குவது மிக முக்கியம். 'ஏ' என்று முடிவதில் உள்ளே திருகாணியால் அளவை மாற்ற வேண்டும். 'பி' என்று முடிவதில்தான் டிம்மருக்கான இரண்டு கம்பிகள் வெளியே வருகின்றன. என்னுடையது 48 வோல்ட், 2.5 ஆம்பியர் வகை. 46 வோல்ட் அளவில் எரியும் என் இரு பலகைகளும் பக்க இணைப்பில் ஆளுக்குப் பாதியாக மின்னோட்டத்தைப் பகிர்ந்துகொள்கின்றன. பிசின் நிரப்பி அடைத்த உலோகப் பெட்டி என்பதால் செடிக்குத் தண்ணீர் தெளிக்கும் இடத்திலும் பயமில்லை.

இணைப்பில் ஒரே ஒரு குழப்பம் உண்டு. உள்ளீட்டுப் பக்கம் பழுப்பு லைவ், நீலம் நியூட்ரல், பச்சை-மஞ்சள் எர்த். வெளியீட்டுப் பக்கம் சிவப்பும் கறுப்பும் பலகைக்கு, நீலமும் வெள்ளையும் டிம்மருக்கு. நீலம் இரண்டு முனையிலும் இருக்கிறது. முதல் வேலையாக டிம்மர் கம்பிகளில் காகிதச் சீட்டு ஒட்டிவிடுங்கள். அலுமினியச் சட்டத்துக்கு எர்த் கொடுக்காமல் பிளக்கைச் செருகவே செருகாதீர்கள். டிம்மரின் வெள்ளைக் கம்பியைப் பலகையின் கறுப்புக் கம்பியோடு சேர்ப்பதும் கூடாது. இரண்டும் எதிர்முனை என்று பெயர் பெற்றிருப்பதால் சேர்த்துவிடத் தோன்றும், ஆனால் தயாரிப்பாளரே அதை வெளிப்படையாகத் தடுத்திருக்கிறார்.

நீலத்துக்கும் வெள்ளைக்கும் இடையே 100 கிலோஓம் பொட்டென்ஷியோமீட்டர், அதாவது திருப்பினால் மின்தடை மாறும் குமிழ், ஒன்று போதும். டிரைவர் அந்தக் கம்பிகளின் வழியே சுமார் 100 மைக்ரோ ஆம்பியர் அனுப்புகிறது. 100 கிலோஓமில் அது 10 வோல்ட் ஆகிறது, ஒளி முழுமை. 50 கிலோஓமில் 5 வோல்ட், ஒளி ஏறக்குறைய பாதி. இவ்வளவு சிறிய மின்னோட்டம் என்பதால் தொலைபேசிக் கம்பி போன்ற மெல்லிய கம்பியே தாராளம். மைக்ரோகன்ட்ரோலர் என்னும் சிறு கணினிச் சில்லு வைத்து ஓட்ட விரும்புவோர் பி.டபிள்யூ.எம். என்னும் துடிப்புச் சைகையும் தரலாம், ஆனால் அதன் உயரம் 10 வோல்ட் இருக்க வேண்டும்.

எனக்குச் சிக்கல் வந்தது குமிழில். கடையில் 100 கிலோஓம் என்று கேட்டு வாங்கிய குமிழைப் பொருத்தியபோது பாதித் திருப்பு வரை வெளிச்சம் மங்கலாகவே இருந்து, பிறகு சட்டென்று ஏறியது. டிரைவரில்தான் பழுது என்று எண்ணி ஒரு மாலை முழுவதும் வீணாயிற்று. கழற்றி மல்டிமீட்டரில் வைத்தபோது நடுநிலையில் 50-க்குப் பதில் 14 கிலோஓம் காட்டியது. குமிழின் முதுகில் ஏ100கே என்று பொறித்திருந்தது. அது ஒலிபெருக்கிகளுக்கான மடக்கை வகை: முதலில் மெதுவாகவும் பிறகு வேகமாகவும் மின்தடை ஏறும். நமக்கு வேண்டியது திருப்பும் அளவுக்கேற்பச் சீராக ஏறும் பி100கே என்னும் நேரியல் வகை. கடைக்காரருக்கு இரண்டும் ஒன்றாகவே தெரிந்தன, ஆகவே எழுத்தை நீங்களே படித்துப் பாருங்கள். அச்சு உங்களை நோக்கியும் மூன்று கால்கள் கீழ்நோக்கியும் இருக்கும்படி பிடித்து, இடக்காலையும் நடுக்காலையும் பயன்படுத்தினால் வலப்புறம் திருப்பும்போது ஒளி கூடும்.

குறைகளும் உண்டு. பத்தில் ஒரு பங்குக்குக் கீழே இந்த டிரைவரின் ஒளியை நம்ப முடியாது. முழுவதும் அணைக்கத் தனிச் சுவிட்ச் வேண்டும். அதைவிடக் கவலை தருவது, குமிழின் கம்பி எங்கேனும் அறுந்தால் விளக்கு அணையாமல் முழு ஒளிக்குத் தாவிவிடும் என்பதுதான். ஒருமுறை என் பற்றவைப்பு விட்டுப்போய், மூன்றில் ஒரு பங்கு ஒளியில் இருந்த முளைகளின் இலை விளிம்புகள் ஒரே நாளில் மேல்நோக்கிச் சுருண்டுவிட்டன. அன்றிலிருந்து குமிழின் கால்களுக்குச் சுருங்கும் உறை போட்டு, கம்பியைச் சட்டத்தோடு கட்டியே வைக்கிறேன்.

விலை அந்த மலிவு டிரைவரைப்போல் இரண்டு மடங்குக்கு மேல். அதைக் கொடுத்தது சரி என்று எனக்குத் தோன்றுவதற்குப் பெரிய காரணம் லோட் ஷெடிங் என்னும் திட்டமிட்ட மின்வெட்டு. நிலை எண் கூடக் கூட மின்வெட்டும் கூடும்; 2023-இல் ஆறாம் நிலை வரை பார்த்த நமக்கு, இன்வெர்ட்டரில் எதை ஓட்டுவது என்ற கணக்கு மனப்பாடம். முழு ஒளியில் சுவரிலிருந்து 124 வாட் இழுக்கும் என் விளக்கு, குமிழைத் திருப்பினால் 40 வாட்டில் எரிகிறது. பேட்டரி அதற்கேற்ப நீடிக்கிறது. மின்னோட்டம் குறையும்போது எல்.இ.டி.யின் சூடும் குறைந்து திறன் கூடுவதால், பாதி மின்சாரத்தில் பாதிக்குச் சற்று அதிகமாகவே ஒளி கிடைக்கிறது. மின்வெட்டு நேரத்தில் குமிழைக் குறைத்துவைக்க என் அம்மாவே பழகிக்கொண்டார்.

அடுத்த ஆடிக்குள் இன்னொரு டிரைவர் சேர்த்து இரண்டையும் ஒரே குமிழில் ஓட்டப்போகிறேன். இரண்டு சேர்ந்தால் 200 மைக்ரோ ஆம்பியர் வரும், ஆகவே 100 கிலோஓம் குமிழ் பாதித் திருப்பிலேயே முழு ஒளியைத் தொட்டுவிடும். அதற்காக 50 கிலோஓம் நேரியல் குமிழை இப்போதே வாங்கி, மல்டிமீட்டரில் சரிபார்த்தும் வைத்திருக்கிறேன்.