பாளையங்கோட்டை மாலை வகுப்பின் எக்செல் தாள்: வாங்கலாமா?

கச்சா எண்ணெய்க் கணக்கு வகுப்பில் தரும் இந்தத் தாள் குமிழ் அழுத்தத்தை, அதாவது எண்ணெயில் கரைந்த வாயு குமிழாகப் பிரியத் தொடங்கும் அழுத்தத்தை, கணக்கிடுகிறது. சும்மா சொல்லக்கூடாது, உருப்படியானதுதான். வாயு-எண்ணெய் விகிதம் 500 கன அடி/பீப்பாய், வாயு ஒப்படர்த்தி (காற்றோடு ஒப்பிட்ட அடர்த்தி) 0.8, ஏ.பி.ஐ. (எண்ணெய் எவ்வளவு லேசு என்று காட்டும் எண்) 35, வெப்பநிலை 180 ஃபாரன்ஹீட் என்று இட்டால், ஸ்டாண்டிங் என்பவரின் சூத்திரப்படி குமிழ் அழுத்தம் 2,002 பி.எஸ்.ஐ. (சதுர அங்குலத்துக்கு இத்தனை பவுண்டு). கையால் போட்டாலும் அதேதான்.

கோளாறு முதல் கட்டத்திலேயே இருக்கிறது. செப்பரேட்டரில் (எண்ணெயையும் வாயுவையும் பிரிக்கும் கலம்) பிரியும் வாயுவை மட்டும் கேட்கிறது, பிறகு எண்ணெய் சேரும் தொட்டியில் பறந்துபோகும் வாயுவுக்கு இடமே இல்லை. அது பீப்பாய்க்கு 50 கன அடி என்றால், மற்றவை மாறாதபோதே விடை 2,169. தொட்டி வாயு கனமானது. ஒப்படர்த்தியையும் அளவுக்கேற்பச் சராசரி எடுத்துத் திருத்துங்கள். அழுத்தம் குமிழ்நிலைக்குக் கீழே இறங்கிய கிணற்றின் வாயு-எண்ணெய் விகிதத்தை இடவே வேண்டாம்; ஏற்கெனவே பிரிந்த வாயுவும் அதில் கலந்திருக்கும். செல்சியஸில் 82 என்று போட்டாலும் தாள் வாய்திறக்காமல் தப்பு விடை தரும். காவிரிப் படுகை எண்ணெய் வயலான நரிமணம் பக்கம் வேலைக்குப் போகிற நம்மூர்ப் பிள்ளைகளுக்குப் பழக இது போதும். ஆய்வக அறிக்கைக்கு ஈடாகாது.