கதிர்வீச்சு பட்ட தோலுக்கு சிலிகான் ஃபோம் டிரெஸ்ஸிங்: எங்கே கைகொடுக்கும், எங்கே காலை வாரும்

நல்ல தோலில் ஒட்டிய பிளாஸ்திரியை உரித்தால் நாலு முடி வரும். புற்றுநோய்க்குக் கதிர்வீச்சு வாங்கிய தோலில் உரித்தால் தோலே வரும். அந்த இடத்தில் நீர் கசிந்து புண் பெரிதாகும், சிகிச்சையை நாலு நாள் நிறுத்திவைக்க நேரும். திருவனந்தபுரம் ஆர்.சி.சி. (மண்டலப் புற்றுநோய் மையம்), நெய்யூர் புற்றுநோய் ஆஸ்பத்திரி போன்ற இடங்களுக்குத் தினமும் போய்வரும் நோயாளி வீட்டில் முதலில் தூக்கிப்போட வேண்டியது டைனாபிளாஸ்ட், மைக்ரோபோர் வகைப் பிளாஸ்திரிகளைத்தான். அவற்றின் இடத்துக்கு மெபிலெக்ஸ் பார்டர், அல்லேவின் ஜென்டில் பார்டர் போன்ற சிலிகான் ஃபோம் டிரெஸ்ஸிங்குகள் உண்டு. விலை கூடுதல். எல்லாருக்கும் தேவையில்லை, தேவைப்படுகிறவர்களுக்கு இதைவிட நல்லது குறைவு.

இதில் முக்கியமாக மூன்று அடுக்கு. தோலைத் தொடுவது மென்மையான சிலிகான். காய்ந்த தோலைப் பற்றும், ஈரமான புண்ணைப் பற்றாது. நடுவில் நீரை உறிஞ்சும் ஃபோம் என்ற பஞ்சு. மேலே ஒரு மெல்லிய படலம்: வெளித்தண்ணீரை உள்ளே விடாது, உள்ளே சேரும் ஆவியை வெளியே விடும். ஓரத்தைத் தூக்கிப் பார்த்துவிட்டு மறுபடி ஒட்டலாம் என்பது இதன் பெரிய குணம். தினமும் புண்ணைப் பார்த்தாக வேண்டிய நோயாளிக்கு இந்த ஒரு வசதியே விலைக்கு ஈடு.

ஒட்டும் முறையில்தான் பாதிப்பேர் தவறுகிறார்கள். மருந்துக்கடையில் கிடைக்கும் 0.9 சதவீத நார்மல் சலைன் பாட்டிலை வாங்கி, புண்ணின்மேல் ஊற்றிக் கழுவ வேண்டும். பஞ்சால் தேய்க்கக் கூடாது. திறந்த பாட்டிலை 24 மணி நேரத்துக்கு மேல் வைத்திருக்க வேண்டாம், சின்ன பாட்டிலே லாபம். சுற்றியுள்ள தோலை காஸ் துணியால் ஒற்றி எடுத்து நன்றாகக் காயவிட வேண்டும். கிரீம், எண்ணெய், பவுடர் எது மிச்சம் இருந்தாலும் சிலிகான் பிடிக்காது. உள்ளிருக்கும் பஞ்சுப்பகுதி புண்ணின் ஓரத்தைத் தாண்டி எல்லாப் பக்கமும் 2 செ.மீ. போக வேண்டும், 5 செ.மீ. புண்ணுக்கு, ஓரத்தையும் சேர்த்து 10×10 செ.மீ. உள்ள டிரெஸ்ஸிங்கின் பஞ்சுகூடச் சிலசமயம் பற்றாது, கவரில் பஞ்சின் அளவைப் பார்த்து வாங்குங்கள். இழுத்துப் பிடித்து ஒட்டக் கூடாது. இழுத்தால் கையை அசைக்கும்போது ஓரத்தில் கொப்புளம் கிளம்பும். போட்டபின் உள்ளங்கையால் சற்று நேரம் பொத்திக்கொள்ளுங்கள், சூட்டில் நன்றாகப் படியும். எடுக்கும்போது மேல்நோக்கி இழுக்காமல், தோலை ஒரு விரலால் அமுக்கிக்கொண்டு தோலோடு தோலாகச் சாய்த்து உரிக்க வேண்டும்.

கதிர்வீச்சு ஓடிக்கொண்டிருக்கும் நாட்களில் கணக்கு வேறு. தோல் சிவப்பது பெரும்பாலும் இரண்டாம், மூன்றாம் வாரத்தில். உச்சம் தொடுவது சிகிச்சை முடிந்தபின் ஒன்றிரண்டு வாரத்தில். கடைசி ஷாட் முடிந்ததும் மோசமாகிறதே என்று பயப்படுகிறவர்கள் அதிகம். அது எதிர்பார்த்ததுதான், பெரும்பாலும் ஒரு மாதத்துக்குள் ஆறிவிடும். தோல் வெடிக்காதவரை ஃபோம் வேண்டாம். அந்தக் கட்டத்தில் மார்பகத்துக்குக் கதிர்வீச்சு வாங்குகிறவர்களுக்கு மொமெட்டசோன் 0.1 சதவீத கிரீமை டாக்டரிடம் கேட்டு முதல் நாளிலிருந்தே மெல்லியதாகத் தடவுவது நல்ல பலன் தரும். அக்குள், மார்பகத்தின் கீழ்மடிப்பு, கழுத்துச் சுருக்கம் ஆகிய இடங்களில் தோல் உரிந்து நீர் கசிய ஆரம்பித்ததும் ஃபோமுக்கு வேலை வந்துவிட்டது. மெஷினில் படுக்கும் முன் அதைக் கழற்றுவதா வேண்டாமா என்பதைக் கதிர்வீச்சுப் பிரிவில் கேட்டே செய்யுங்கள். தோலின்மேல் கனமான பஞ்சு இருந்தால் மேல்தோலில் விழும் டோஸ் கூடிவிடும். வெள்ளி கலந்த டிரெஸ்ஸிங் என்றால் கண்டிப்பாகச் சொல்லிவிடுங்கள். தோலில் வரைந்த அடையாளக் கோடுகளின்மேல் எதையும் ஒட்டாதீர்கள்; கோடு போனால் மறுபடி அளவெடுக்க வேண்டிவரும்.

முதலில் கதிர்வீச்சு, பிறகு ஆபரேஷன் என்ற வரிசையில் போகிறவர்களுக்கு ஆபத்து கூடுதல். கை, கால் சதையில் வரும் சார்கோமா கட்டிகளைப் பற்றி 2002இல் வெளிவந்த கனடா ஆய்வில், 25 தவணையில் 50 கிரே (கதிர்வீச்சை அளக்கும் அலகு) வாங்கியபின் ஆபரேஷன் செய்தவர்களில் 35 சதவீதத்தினருக்குப் புண் சிக்கலானது. ஆபரேஷனுக்குப் பின் கதிர்வீச்சு வாங்கியவர்களில் 17 சதவீதம்தான். சின்ன ரத்தக்குழாய்கள் அடைபட்டு, தழும்பு நெய்யும் செல்கள் சோர்ந்துபோவதே காரணம். அதனால்தான் இவர்களுக்கு டாக்டர்கள் 4 முதல் 6 வாரம் இடைவெளி விடுகிறார்கள், தையலையும் சீக்கிரம் பிரிப்பதில்லை. பக்கத்துப் படுக்கைக்காரருக்கு ஏழாம் நாளில் பிரித்தார்களே என்று அவசரப்பட வேண்டாம். இந்த வகைத் தையலுக்கு மேலே ஃபோம் போடுவது உரசலிலிருந்து காப்பாற்றும். உள்ளே நீர் சேர்வதைத் தடுக்காது. அதற்கு, உள்ளே சேரும் நீரை வெளியே எடுக்கும் டிரெயின் குழாய்தான். பல ஆஸ்பத்திரிகளில் 24 மணி நேரத்தில் 30 மி.லி.க்குக் குறைவாக வந்தால்தான் அதை எடுக்கிறார்கள். ஆகவே தினமும் ஒரே நேரத்தில் அளந்து நோட்டில் எழுதிவையுங்கள். பை நிறைந்து, நீரை உறிஞ்சாமல் கிடந்தால் டிரெயின் இருந்தும் இல்லாததுதான்.

இனி இது சறுக்கும் இடம். நம் குமரி மாவட்டத்தில் இரண்டு பருவமழையும் உண்டு, நடுவே கடற்காற்றின் பிசுபிசுப்பு. ஏழு நாள் வரை வைத்திருக்கலாம் என்று கவரில் போட்டிருக்கும். அக்குளில், வியர்வையில், அத்தனை நாள் எதிர்பார்க்க வேண்டாம். இரண்டாம் நாளே ஓரம் சுருளலாம். சுருண்ட ஓரத்தின்மேல் இன்னொரு பிளாஸ்திரி ஒட்டி ஒப்பேற்றுவது மிகத் தவறு. எதைத் தவிர்க்கவேண்டி இதை வாங்கினோமோ அதையே செய்கிறோம். ஓரம் இல்லாத ஃபோமை வெட்டிவைத்து, மேலே குழாய்வடிவ வலைத்துணி மாட்டுவது அக்குளுக்கும் கழுத்துக்கும் பொருந்தும். தாடி உள்ளவர்கள் பிளேடு போடக் கூடாது, கத்தரியாலோ எலக்ட்ரிக் டிரிம்மராலோ குறைத்தால் போதும். பஸ்ஸில் போகும்போது தோளில் போடும் துவர்த்து (துண்டு) கழுத்தில் உரசிக்கொண்டே வரும். அதை மாற்றி மெல்லிய பழைய காட்டன் துணி போடுங்கள், வெயில் விழும் ஜன்னல் பக்கம் உட்காராதீர்கள்.

இன்னொரு குறை, ஃபோமுக்கு அடியில் நடப்பது கண்ணுக்குத் தெரியாது. தினமும் ஒரு முறை ஓரம் தூக்கிப் பாருங்கள். சிவப்பு பரவுவது, நாற்றம், 100.4 டிகிரிக்கு மேல் காய்ச்சல் எது வந்தாலும் அன்றே ஆஸ்பத்திரி. கழுத்து ஆபரேஷன் ஆனவருக்குத் தையல் வழியே எச்சில் மாதிரி குழகுழவென்று வந்தால், உள்ளே தொண்டைத் தையல் விட்டிருக்கலாம். கதிர்வீச்சு பட்ட கழுத்திலிருந்து கொஞ்சம் ரத்தம் வந்து தானே நின்றாலும் அதை விட்டுவிடாதீர்கள், உடனே ஆஸ்பத்திரிக்குப் போங்கள். பெரிய ரத்தக்குழாய் வெடிப்பதற்கு முந்தைய எச்சரிக்கையாக அது இருக்கலாம். கிளம்பும் முன் மறுபடி வந்தால் துணியை வைத்து அழுத்தியபடியே வண்டி ஏறுங்கள்.

கையில் காசு இல்லை என்றால் கவலைப்பட வேண்டாம். பாராஃபின் காஸ் ஒரு மடிப்பு, மேலே சுத்தமான காஸ் பேட், அதற்குமேல் வலைத்துணி அல்லது மெல்லிய வேட்டித்துணியால் தளர்வான கட்டு. தினமும் மாற்ற வேண்டும். காய்ந்து ஒட்டிக்கொண்டால் சலைன் ஊற்றி ஐந்து நிமிடம் ஊறவிட்டு எடுக்க வேண்டும். வேலை கூடுதல், பலன் மோசமில்லை. படுக்கையில் இருப்பவர்களுக்கு தமிழக அரசின் மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தின் நோய் ஆதரவு நர்ஸ் வீட்டுக்கே வருவார். ஆரம்ப சுகாதார நிலையத்தில் பெயர் கொடுத்துவையுங்கள்.

காயத்திருமேனி எண்ணெய் சுளுக்குக்கும் உளுக்குக்கும் நம் ஊரில் பேர்போனது. உரிந்த தோலில் அது வேண்டாம். மஞ்சள், பச்சிலைச் சாறு, அயோடின் கரைசலைத் தினமும் ஊற்றுவது, எதுவும் வேண்டாம். தீக்காயத்துக்கான வெள்ளிக் களிம்பைத் தானாக வாங்கிப் பூசுவதும் கூடாது. சல்ஃபா வகை மருந்துகள் ஒத்துக்கொள்ளாதவர்களுக்கு அது ஆபத்து.

எந்த டிரெஸ்ஸிங்கும் பட்டினி உடம்பில் வேலை செய்யாது. புண் சீழ் பிடிக்கும் என்று மீனை நிறுத்திவிட்டு கஞ்சியும் மரச்சீனியும் (மரவள்ளிக்கிழங்கு) மட்டும் கொடுக்கும் வீடுகளைப் பார்த்தால் மனம் பதறுகிறது. 50 கிலோ உள்ளவருக்கு ஒரு நாளைக்கு 60 முதல் 75 கிராம் புரதம் வேண்டும். ஒரு முட்டையில் 6 கிராம், 100 கிராம் சாளை (மத்தி) மீனில் சுமார் 20 கிராம். மரச்சீனியில் 100 கிராமுக்கு ஒன்றிரண்டு கிராம்தான். வாயில் புண் இருந்தால் சாளையை முள் நீக்கி மசித்துக் காரமில்லாமல் கொடுங்கள். சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் மட்டும் அளவை டாக்டரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். சர்க்கரை 180க்கு மேல் ஏறாமல் பார்ப்பதும், ஆபரேஷனுக்கு நாலு வாரம் முன்பே பீடியையும் புகையிலை வெற்றிலையையும் விடுவதும் இதோடு சேர்ந்தவை.

வாங்கும்போது பெட்டியாக வாங்காமல் இரண்டு கவர் மட்டும் வாங்கிப் பாருங்கள். ஒட்டுப் பிரியாத கவரா, காலாவதித் தேதி என்ன என்று கடையிலேயே பாருங்கள். முதல் கவரைக் கதிர்வீச்சு படாத முன்கையில் ஒரு நாள் ஒட்டி, அரிப்போ தடிப்போ வராவிட்டால் மட்டும் புண்ணில் போடுங்கள்.