மாசி வீதிகளில் மூன்று நாள் நடை

மதுரை சிம்மக்கல்லில் பிறந்து வளர்ந்தவள் நான். மெல்போர்னுக்குப் போய் 19 வருடம் ஆகிறது. இடையில் நான்கைந்து முறை மதுரைக்கு வந்திருக்கிறேன். ஆனால் கல்யாணம், துக்கம், பத்திரப் பதிவு என்று எல்லாம் ஓட்டமாகவே முடிந்துபோனது. இந்தத் தை மாதம்தான் எந்தச் சொந்தக்காரர் வீட்டிலும் தங்காமல், நானும் கணவரும் மட்டும் மூன்று நாள் ரூம் போட்டு, ஊரை நடந்தே பார்த்தோம். அவர் யாழ்ப்பாணத்துக்காரர். மதுரை அவருக்கு நான் சொல்லிக் கேட்ட ஊர், அவ்வளவுதான். போய் வந்ததிலிருந்து நண்பர்கள் விசாரித்துக்கொண்டே இருக்கிறார்கள்: ரூம் எப்படி, வண்டி எப்படி, சாப்பாடு ஒத்துக்கொண்டதா? அதனால் நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

கொழும்பு வழியாக வந்தால் நேரே மதுரையிலேயே இறங்கிவிடலாம், சென்னையைச் சுற்றி வரத் தேவையில்லை. விமான நிலையம் சின்னது, பெட்டி சீக்கிரம் வந்துவிட்டது. வாசலில் முதலில் வந்து கேட்ட கார்க்காரர் சொன்ன தொகை, செல்போன் செயலி காட்டியதைப் போல இரண்டு மடங்கு. வேண்டாம் என்றதும் அவரும் ஒன்றும் சொல்லாமல் விலகிப் போனார்.

ஹோட்டலில்தான் முதல் சங்கடம். விமானம் காலையில் வருகிறது, பத்து மணிக்கு ரூம் வேண்டும் என்று இரண்டு முறை போனில் சொல்லியிருந்தேன். சரி என்றவர்கள் அதை எங்கேயும் எழுதி வைக்கவில்லை. பன்னிரண்டு மணிக்குத்தான் ரூம் என்றார்கள். அப்புறம் பாஸ்போர்ட், ஓசிஐ அட்டை (வெளிநாட்டுக் குடியுரிமை உள்ள இந்திய வம்சாவளியினருக்கும் அவர்கள் துணைக்கும் தரும் அட்டை) இரண்டுக்கும் நகல் எடுக்க, அங்கே இருந்த இயந்திரம் வேலை செய்யவில்லை. ராத்திரி முழுக்கப் பயணம் செய்து வந்தவர்களுக்கு அந்த இரண்டு மணி நேரம் பெரிய கஷ்டம். ஆனால் முன்மேசையில் இருந்த பையனை நான் குறை சொல்ல மாட்டேன். இருபத்திரண்டு வயது இருக்கும். காலியாக இருந்த ஓர் அறையைத் திறந்து, "அக்கா, நீங்க மூஞ்சி கழுவிட்டு வாங்க, நான் காப்பி சொல்றேன்" என்று தானாகவே ஏற்பாடு செய்தான். மூன்று நாளும் எங்கேயும் இதையேதான் பார்த்தேன். ஏற்பாட்டில் ஓட்டை இருக்கும், எதிரில் நிற்கும் மனிதர் அதைத் தன் கையால் அடைத்துவிடுவார்.

மதுரையின் பழைய ஊர் நடப்பதற்கென்றே போட்ட ஊர். நடுவில் மீனாட்சியம்மன் கோயில். கோயிலுக்குள்ளேயே ஆடி வீதி, வெளியே வந்தால் சித்திரை வீதி, அடுத்து ஆவணி மூல வீதி, அதைச் சுற்றி மாசி வீதி, கடைசியில் வெளி வீதி. கோலம் போட்டது போல ஒன்றுக்குள் ஒன்றாகச் சதுரங்கள். வழி தெரியாவிட்டால் நிமிர்ந்து கோபுரத்தைப் பார்த்தால் போதும். முதல் நாள் சாயங்காலம் இவற்றை ஒவ்வொன்றாக அவருக்குக் காட்டிக்கொண்டே நடந்தேன். மாசி வீதிக்கும் வெளி வீதிக்கும் நடுவில் மாரட் வீதி, பெருமாள் மேஸ்திரி வீதி என்று வரும். சின்ன வயதில் தினமும் கடந்த தெருக்கள், அந்தப் பெயர்கள் எங்கிருந்து வந்தன என்று அப்போது நான் யோசித்ததே இல்லை. 1840களில் கலெக்டர் பிளாக்பர்ன் கோட்டைச் சுவரை இடித்து அகழியை மூடச் சொன்னார். இடித்துக் கொடுத்தவர்களுக்கு அங்கேயே மனை கிடைத்தது. அந்த வேலையைப் பார்த்த நில அளவைக்காரர் மாரட், மேஸ்திரி பெருமாள். அவர்கள் பெயரில்தான் இன்றும் பாத்திரக் கடைக்கும் லாட்ஜுக்கும் விலாசம் எழுதுகிறோம். பிளாக்பர்ன் நினைவாக நட்டதுதான் விளக்குத்தூண்.

சித்திரை வீதியில் வண்டிகளை விடுவதில்லை, கல் பாவியிருக்கிறார்கள், உட்காரவும் இடம் உண்டு. குழந்தைகள் ஓடுகின்றன, வயதானவர்கள் நிதானமாக நடக்கிறார்கள். அதைத் தாண்டி மாசி வீதிக்குள் வந்துவிட்டால் நடைபாதை என்பதே இல்லை. இருக்கும் இடத்தில் பைக்குகள் நிற்கின்றன, மிச்சத்தில் கடைச் சாமான். சித்திரைத் திருவிழாவில் மீனாட்சியின் தேர் ஓடும் தெரு அது. மாசியில் நடந்த திருக்கல்யாணத்தைத் திருமலை நாயக்கர் சித்திரைக்கு மாற்றினார், தேர் மட்டும் பழையபடி மாசி வீதியிலேயே ஓடுகிறது. தேருக்கு விடும் வழியில் கொஞ்சம் தினமும் நடப்பவர்களுக்கும் விடலாம் என்று எனக்கு மனதார ஆசை.

கோயிலுக்குள் போன் கூடாது. 2018 பிப்ரவரியில் வீர வசந்தராயர் மண்டபத்தில் தீப்பிடித்ததற்குப் பிறகு வந்த கட்டுப்பாடு. வாசலில் கொடுத்து டோக்கன் வாங்கிக்கொள்ள வேண்டும். வரிசை வேகமாக நகர்கிறது. ஒன்று மட்டும் நினைவிருக்கட்டும்: செருப்பையும் போனையும் எந்த வாசலில் விடுகிறீர்களோ, அந்த வாசல் வழியாகவே திரும்புங்கள். நாங்கள் தெற்கில் விட்டுவிட்டு மேற்கில் வெளியே வந்தோம். காலையிலேயே கல் கொதிக்க ஆரம்பித்திருந்தது. மத்தியானம் பன்னிரண்டரைக்கு நடை சாத்தினால் நான்கு மணிக்குத்தான் திறப்பார்கள், அதையும் கணக்கில் வைத்துக்கொள்ளுங்கள்.

போன் இல்லாததன் அருமை ராத்திரி பள்ளியறை பூஜையில் தெரிந்தது. ஒன்பதரை மணி வாக்கில் சொக்கநாதரின் பாதங்களை வெள்ளிப் பல்லக்கில் வைத்து, மேளத்தோடு அம்மன் சன்னதிக்குக் கொண்டுவருகிறார்கள். பிராகாரத்தில் நாற்பது ஐம்பது பேர்தான் இருந்தோம். ஒரு கைகூடப் படம் எடுக்க உயரவில்லை. சாம்பிராணிப் புகை, நாதஸ்வரம், பல்லக்குக்கு வீசும் விசிறி. "ஒவ்வொரு நாளுமோ?" என்று அவர் மெதுவாகக் கேட்டார். ஒவ்வொரு நாளும்தான். நான் மெல்போர்னில் இருந்த இத்தனை ராத்திரியும் சொக்கர் இப்படித்தான் மீனாட்சியிடம் போயிருக்கிறார் என்று நினைத்தபோது கண் கலங்கிவிட்டது.

வெளியே வந்ததும் பசி. கறி தோசை என்றேன். யாழ்ப்பாணத்தில் கறி என்றால் கத்தரிக்காயும் கறி, வாழைக்காயும் கறி. இறைச்சி என்று சொன்னால்தான் இறைச்சி. மதுரையில் கறி என்றால் ஆட்டுக்கறி, வேறு விளக்கம் கிடையாது. அவர் ஏதோ குழம்பு ஊற்றித் தருவார்கள் என்று நினைத்திருக்கிறார். கல்லுக்குப் பக்கத்து மேசையில் இடம் கிடைத்தது. மாஸ்டர் மாவை ஊத்தாப்பம் போலக் கனமாக ஊற்றினார். அடி வேகத் தொடங்கியதும் அடித்த முட்டையை மேலே விட்டு, கரண்டியின் முதுகால் ஓரம் வரை இழுத்தார். பிறகு பக்கத்துப் பாத்திரத்திலிருந்து வெந்த கொத்துக்கறியை அள்ளிப் பரப்பி, சுற்றி எண்ணெய் விட்டு, மிளகு தூவி, ஒரே தூக்கில் திருப்பிப் போட்டார். கறிப் பக்கம் கல்லில் பட்டதும் எழுந்த வாசம் தெரு முனை வரை போயிருக்கும். "இறைச்சியோ? கறி எண்டுதானே சொன்னீர்!" என்றார் அவர். பாதி சாப்பிடுவதற்குள் இன்னொன்று சொல்லிவிட்டார். பரிமாறிய அண்ணன், "ஒண்ணைச் சாப்பிட்டு முடிங்க சார், அப்புறம் பாத்துக்கலாம்" என்று தடுத்தார். அவர் சொன்னதுதான் சரி, ஒன்றே இரண்டு பேருக்குக் காணும்.

மறுநாள் காலை மகால். 1636இல் திருமலை நாயக்கர் கட்டியதில் இன்று நிற்பது கால் பங்குதான் என்பார்கள். அந்தக் கால் பங்கில் நின்று நிமிர்ந்தாலே கழுத்து வலிக்கிறது. தூண்களில் கைக்கெட்டிய உயரம் வரை பெயர் கீறி வைத்திருக்கிறார்கள், பார்க்க வேதனையாக இருந்தது. அங்கிருந்து பத்துத்தூண் சந்துக்கு நடந்து போங்கள். ஜவுளிக் கடைகளுக்கு நடுவே, மகாலின் மிச்சமான பத்துத் தூண்கள் கூரை இல்லாமல் நிற்கின்றன. சீட்டும் இல்லை, வேலியும் இல்லை. பக்கத்தில் தலையில் துணி மூட்டையோடு ஆட்கள் போய்க்கொண்டிருக்கிறார்கள். அவருக்கு மகாலைவிட இதுதான் பிடித்தது. "இது வடிவு" என்று வெகுநேரம் நின்றார்.

புது மண்டபத்தில்தான் எனக்குப் பள்ளிச் சீருடை தைத்தது. இப்போது அங்கே தையல் மிஷின் சத்தம் இல்லை, கடைகள் பக்கத்திலேயே குன்னத்தூர் சத்திரத்துக்குப் போய்விட்டன. மண்டபத்துக்கு அது நல்லதுதான். சுங்குடிச் சேலை ஒன்று வாங்கினேன். முடிச்சு அவிழ்க்காமலே கொடுத்தார்கள். ரூமுக்கு வந்து இருவரும் ஆளுக்கொரு முனையைப் பிடித்து இழுக்க, படபடவென்று முடிச்சுகள் அவிழ்ந்து வெள்ளைப் புள்ளிகள் விரிந்தன.

பணம் பற்றிச் சொல்லியாக வேண்டும். எங்களிடம் இந்திய வங்கிக் கணக்கு இல்லை, அதனால் ஜிபே இல்லை. ஏடிஎம்மில் வருவதோ ஐநூறு ரூபாய்த் தாள். பருத்திப்பால் வண்டிக்காரரிடம் அதை நீட்டினால் அவர் என்ன செய்வார்? பருத்தி விதையை அரைத்துப் பிழிந்த பாலில் கருப்பட்டி, சுக்கு, ஏலக்காய் போட்டுக் காய்ச்சியது, பனி நேரத்துக்கு நெஞ்சுக்கு இதம். "குடிங்க தாயி, திரும்பி இந்தப் பக்கம் வருவீகள்ல, அப்பக் குடுங்க" என்றார். முகம் தெரியாத இருவருக்குக் கடன். ராத்திரியே தேடிப் போய்க் கொடுத்தோம். அதனால் நாலாயிரம் ஐயாயிரத்தையாவது பத்து, இருபது, ஐம்பதாக மாற்றி வைத்துக்கொள்ளுங்கள். பூக்காரம்மாகூட க்யூஆர் அட்டைதான் மாட்டியிருக்கிறார். தை மாதம் பனியால் மல்லி வரத்து குறைவு, முகூர்த்தமும் அதிகம், விலை ஏறித்தான் இருக்கும். முழங்கையிலிருந்து விரல் நுனிவரை அளந்து, அதற்கு மேலும் நாலு விரல்கடை விட்டு நறுக்கிக் கொடுத்தார்.

என்னை மிகவும் வருத்தியது கழிப்பறை. பெண்களுக்கு இதை வெளிப்படையாக யாராவது சொல்ல வேண்டும். மாசி வீதிகளைச் சுற்றி மூன்று மணி நேரம் நடந்ததில் நான் பார்த்த கட்டணக் கழிப்பறை ஒன்றில் தண்ணீர் இல்லை, இன்னொன்றில் தாழ்ப்பாள் இல்லை. கடைசியில் ஒரு பெரிய ஹோட்டலில் வேண்டாத காப்பியைச் சொல்லிவிட்டுத்தான் உள்ளே போனேன். நாள் முழுக்கத் தெருவில் உட்கார்ந்திருக்கும் அந்தப் பூக்காரம்மா என்ன செய்வார்? கேட்டேன். "தண்ணியே குடிக்க மாட்டேன் தாயி" என்றார். அந்தப் பதில் மனதை விட்டுப் போகவில்லை. பொறுப்பில் இருப்பவர்களுக்கு, பார்த்த இடங்களைக் குறித்து எழுதி அனுப்பியிருக்கிறேன்.

மூன்றாம் நாள் மேல மாசி வீதியில், 1921 செப்டம்பர் 22 அன்று காந்தி மேல்சட்டையைக் கழற்றி அரையாடைக்கு மாறிய வீட்டைப் பார்த்தோம். கீழே கதர்க் கடை. அங்கிருந்து வைகையைத் தாண்டித் தமுக்கத்துக்கு, ராணி மங்கம்மாள் அரண்மனையில் இருக்கும் காந்தி அருங்காட்சியகத்துக்குப் போனோம். அவர் சுடப்பட்ட அன்று உடுத்தியிருந்த துணி அங்கே இருக்கிறது. ஒரே நாளில் அந்த வீட்டையும் இந்தத் துணியையும் பார்த்தால் மனிதர் பேச்சில்லாமல் ஆகிவிடுகிறார். இருவரும் ஒன்றும் பேசாமல் ஏவி பாலத்தில் திரும்பி நடந்தோம். ஆற்றில் தண்ணீர் ஓரமாகக் கொஞ்சம்தான் ஓடியது.

விளக்குத்தூண் பக்கம் வந்து ஜிகர்தண்டா குடித்தோம். சுண்டிய பால், நன்னாரி, ஊறிப் பூத்த பாதாம் பிசின். முதல் வாய்க்கு அவருக்குப் பிசின் பிடிக்கவில்லை, அடியில் வந்தபோது கரண்டி கேட்டு வாங்கினார். அன்று ராத்திரி கிளம்புமுன், இன்னும் பார்க்காததை ஒரு தாளில் எழுதினார்: கூடல் அழகர் கோயில், காசிமார் பள்ளிவாசல், வண்டியூர்த் தெப்பக்குளம், அயிரை மீன் குழம்பு. தாள் என் கைப்பையில்தான் இருக்கிறது.