கோனை ஒட்டுவதா, வேறு ஸ்பீக்கர் போடுவதா?

இலங்கை மலைநாட்டில் டிக்கோயாப் பக்கம் எங்கள் வீட்டில் இருக்கும் வால்வு ரேடியோ, தாத்தா தேயிலைத் தோட்டத்தில் கணக்கப்பிள்ளையாக இருந்தபோது வாங்கியது. தொழிலாளர் வரிசை வீடுகளான லயங்களுக்குக் கரண்ட் வருவதற்கு வெகுகாலம் முன்பு அது. குவார்ட்டர்ஸில் மட்டும் கரண்ட் இருந்ததால், பொழுது சாய்ந்ததும் இலங்கை வானொலி கேட்க ஆட்கள் வராந்தாவில் வந்து உட்காருவார்கள் என்று அப்பாயி சொல்வார். இரண்டு வருடத்துக்கு முன் அந்தப் பெட்டி கரகரக்கத் தொடங்கியது. பேச்சு சுத்தமாகக் கேட்டது. மிருதங்கத்தில் தொப்பி, அதாவது இடப்பக்கத்துத் தாழ்ந்த ஒலி, விழும்போது மட்டும் 'பர்ர்' என்று ஒரு அதிர்வு. பின்பலகையைக் கழற்றிப் பார்த்தால், ஸ்பீக்கரின் காகிதக் கூம்பான கோனில் சுண்டுவிரல் நீளத்துக்கு ஒரு கிழிசல், விளிம்பில் பூச்சி அரித்த ஓட்டை இரண்டு.

"புதுசு ஒன்னு போட்ருவோம் தம்பி, இதத் தூக்கிப் போடுங்க" என்றார் டவுனில் ரேடியோ பார்க்கிற ஒருவர். நான் ஒத்துக்கொள்ளவில்லை. பண்டாரவளையில் மாமா வீட்டுப் பெட்டிக்கும் வேறொருவர் இதே யோசனையைத்தான் சொன்னார். கார் ஸ்பீக்கர் ஒன்றைப் பூட்டிவிட்டுப் பழையதை எறிந்தும் விட்டார். இன்று அந்தப் பெட்டி பாடுகிறது, ஆனால் பழைய குரல் இல்லை. ஏன் அப்படி ஆனது என்று தெரிந்துகொள்ளப் போய்த்தான் ஒட்டுவது முதல் வேறு ஸ்பீக்கர் போடுவது வரை உள்ள வழிகளையெல்லாம் ஒவ்வொன்றாக எடைபோட்டுப் பார்த்தேன்.

எந்த வழி என்று முடிவெடுக்கும் முன், கெட்டது எது என்று தெரிய வேண்டும். ஸ்பீக்கருக்குப் போகும் வயர் ஒன்றைக் கழற்றிவிட்டு மீட்டரை வையுங்கள். கழற்றாமல் வைத்தால், வால்வுக்கும் ஸ்பீக்கருக்கும் நடுவில் உள்ள அவுட்புட் ட்ரான்ஸ்போமரின் சுற்றும் சேர்ந்து அளக்கப்படும், கோனை அசைக்கும் கம்பிச் சுருளான 'காயில்' அறுந்திருந்தாலும் நல்லது போலக் காட்டும். 3 ஓம் ஸ்பீக்கர் என்றால் மீட்டரில் ஏறக்குறைய 2.5 வரும். சாதாரண டோர்ச் பேட்டரி ஒன்றை ஒரு நொடி தொட்டு எடுத்தால் 'டொக்' என்று கோன் அசைய வேண்டும். பிறகு இரண்டு கைப் பெருவிரல்களாலும் கோனை நடுவே சமமாக, மெல்ல உள்ளே அழுத்துங்கள். மணல் தேய்வது போல ஓசை வந்தால் காயில் காந்தத்தில் உரசுகிறது. பெட்டியை அணைத்த பிறகும் கொண்டென்சர்களில் கரண்ட் தங்கியிருக்கும். 200 வோல்ட்டுக்கு மேல் ஓடுகிற இடம் அது. சில பெட்டிகளில் மெயின் கரண்ட் நேராக உள்ளே இருக்கும் உலோகச் சட்டத்திலேயே ஏறியிருக்கும். மெயின் வயரைப் பிடுங்கி, கொண்டென்சரில் தங்கிய கரண்டை இறக்கிய பிறகே கை வையுங்கள். இன்னொன்று: ஸ்பீக்கர் கழற்றியிருக்கும்போது பெட்டியைப் போட்டுப் பார்க்கக் கூடாது. சுமை இல்லாமல் ஓடினால் அவுட்புட் ட்ரான்ஸ்போமர் உள்ளே பொறி அடித்துப் போய்விடும்.

காயிலுக்கு உயிர் இருந்தால், என் தேர்வு ஒட்டுப்போடுவதுதான். அதில் எனக்கு இரண்டாம் எண்ணமே இல்லை. காரணம் காகிதம். அந்தக் காலத்துக் கோன் மிக மெல்லியது, எடை இல்லாதது. வால்வு ரேடியோவின் கடைசி வால்வு தருவது நாலு வாட் அளவு, சிலவற்றில் அதற்கும் கீழ். அந்தச் சின்னச் சக்தியில் ஒரு வராந்தா முழுக்க ஒலி நிறைந்ததென்றால், அது இந்த லேசான காகிதம் செய்த வேலை. அதனால் ஒட்டும் லேசாக இருக்க வேண்டும். அதற்கு நம் ஊரிலேயே கிடைக்கும் நல்ல பொருள் தேயிலைப் பைக் காகிதம். வாழை இனத்து அபாக்கா நார் கலந்த காகிதம் அது, கொதிநீரிலும் கிழியாது. புதுப் பை ஒன்றைப் பிரித்துத் தூளைக் கொட்டிவிட்டேன். கத்தரிக்கோல் எடுக்காமல் விரலாலேயே கிழித்தேன், ஏனென்றால் கிழித்த ஓரத்தில் நார்கள் மயிர்போல நீட்டிக்கொண்டு கோனோடு கலந்துவிடும், வெட்டிய ஓரம் வரப்பு மாதிரி நிற்கும். வெள்ளை மரப்பசையில் பாதிக்குப் பாதி தண்ணீர் கலந்து, கோனின் பின்பக்கம் தூரிகையால் தடவி, கிழிசலின் இரு ஓரமும் ஒன்றையொன்று தொடும்படி சேர்த்து வைத்து, மேலே காகிதத்தைப் படுக்கவிட்டேன். பசை ஊறும்போது காகிதம் கண்ணாடி போலத் தெளியும், காய்ந்ததும் எங்கே ஒட்டினோம் என்று தேட வேண்டியிருக்கும். பூச்சி ஓட்டைக்கு முன்னும் பின்னும் ஒவ்வொரு துண்டு.

உடனடிப் பசை, நகப்பூச்சு, செலோடேப் மூன்றும் வேண்டாம். முதல் இரண்டும் கல்லாக இறுகி அடுத்த கிழிசலைப் பக்கத்திலேயே தொடங்கிவைக்கும், டேப் சில மாதத்தில் உரிந்து தானே அதிரும். குளியலறை சிலிக்கோனும் வேண்டாம், காயும்போது அதிலிருந்து வரும் புளிவாசம் அமிலம், செம்புக் கம்பியை அரிக்கும். எங்கள் பக்கம் மே முதல் செப்டெம்பர் வரை மழையும் பனிமூட்டமும். அந்த நாட்களில் பசை காய்வதாகவே தெரியாது. நான் மாசி மாதத்து வெயில் நாளாகப் பார்த்துச் செய்தேன், அப்படியும் இரண்டு இரவு அடுப்படி அலமாரியில் வைத்தேன்.

செலவு என்று பார்த்தால் ஒரு தேயிலைப் பையும் கொஞ்சம் பசையும்தான். இதன் குறை, காயில் உரசலுக்கு இது மருந்தில்லை. ஈரக்காற்றில் காந்தத்தின் இடுக்கில் துரு ஏறுவது மலைநாட்டில் சகஜம். நடுவில் திருகாணி உள்ள பழைய வகை என்றால், அதைத் தளர்த்தி, பழைய எக்ஸ்ரே பிலிமில் மெல்லிய கீற்று மூன்றை இடுக்கில் செருகிக் காயிலை நடுவாக நிறுத்தி மீண்டும் முறுக்கலாம். ஒட்டி மூடிய வகை என்றால் மிகுந்த பொறுமை வேண்டும்.

காயிலே அறுந்துபோனால் பேச்சு மாறுகிறது. கோயில் திருவிழா ஸ்பீக்கர்களுக்குக் காயிலும் கோனும் மாற்றித் தருபவர்கள் இருக்கிறார்கள். ஆனால் அவர்கள் கையில் இருப்பது பெரிய சத்தத்துக்குச் செய்த தடித்த கோன், பெரும்பாலும் 8 ஓம் காயில். நம் காந்தத்தின் இடுக்குக்கு அது அளவும் சேராது. பழைய காயிலையே அதே கம்பி அளவில், அதே சுற்றில் சுற்றித் தருபவர் கிடைத்தால் கொடுங்கள், மற்றபடி வேண்டாம்.

அதைவிட, காயில் போன பெட்டிக்கு, செத்துப்போன இன்னொரு பெட்டியின் ஸ்பீக்கரே நல்லது. அதே காலத்துக் காகிதம், அதே 3 ஓம் காயில், திருகாணித் துளைகூடப் பல சமயம் பொருந்தும். குவார்ட்டர்ஸ் பரணிலும் பழைய சாமான் கடையிலும் இன்னும் அகப்படுகின்றன. வாங்கும் முன் டோர்ச் பேட்டரியைத் தொட்டுப் பார்த்துவிடுங்கள்.

மாமா பெட்டிக்கு நடந்தது போலப் புது ஸ்பீக்கர் போடுவது கடைசி வழி. கொழும்புக்குப் போனால் புறக்கோட்டை முதலாம் குறுக்குத்தெருவில் ஒரு மணி நேரத்தில் வாங்கிவிடலாம், அதுதான் இதன் ஒரே பலம். கடைசி வால்வாக இ.எல். 84 என்ற வகை போட்ட பெட்டியை எடுத்துக்கொள்ளுங்கள். அந்த வால்வுக்கு 250 வோல்ட்டில் 5,200 ஓம் அளவு சுமை வேண்டும். 3 ஓம் ஸ்பீக்கரை அந்த அளவுக்கு உயர்த்திக் காட்டுவது அவுட்புட் ட்ரான்ஸ்போமரின் வேலை. 3 ஓமுக்குப் பதில் 8 ஓம் பூட்டினால் வால்வு காண்பது 13,900 ஓமுக்குப் பக்கம், ஒலி குறைந்து கரகரக்கும். 4 ஓம் என்றால் 6,900 அளவு, அது பரவாயில்லை. ஆனால் கார் ஸ்பீக்கரின் ரப்பர் விளிம்பும் கனத்த கோனும் தள்ளுவதற்குப் பாரமானவை. ஒரு ஸ்பீக்கர் 3 டெசிபல் மந்தமாக இருந்தாலே வால்வின் சக்தியில் பாதி போனதற்குச் சமம். மாமா வால்யூமை முக்கால் வரை திருகுவது அதனால்தான். வேறு வழியில்லாமல் புதுசு போடுவதென்றால், காகித விளிம்புள்ள, லேசான கோன் உள்ள 4 ஓம் ஒன்றைத் தேடுங்கள். கழற்றிய பழையதைப் பையில் சுற்றிப் பெட்டிக்குள்ளேயே வைத்துவிடுங்கள்.

1930, 40களின் பெட்டிகள் பலவற்றுக்கு இன்னொரு சிக்கல் உண்டு. அவற்றின் ஸ்பீக்கரில் நிலைக்காந்தம் இருக்காது. கம்பிச் சுருளில் கரண்ட் ஓடி அதுவே காந்தமாகும், பெட்டியின் மின்சாரத்தைச் சமன்படுத்துவதும் அதே சுருள். அதைக் கழற்றினால் அதே ஓம் அளவுக்கு 10 வாட் ரெசிஸ்டராவது அந்த இடத்தில் வேண்டும், அப்படியும் இரைச்சல் கூடும். அத்தகைய பெட்டியில் கோனை எத்தனை இடத்தில் ஒட்ட வேண்டியிருந்தாலும் ஒட்டித்தான் பார்ப்பேன்.

எங்கள் பெட்டியைப் பூட்டி முடித்த இரவு, மீடியம் வேவில் இந்திய நிலையம் ஒன்று கிடைத்தது. கச்சேரி. தொப்பி விழுந்த ஒவ்வொரு முறையும் கோனுக்குப் பக்கத்தில் காதை வைத்துக் கேட்டேன். அதிர்வு இல்லை. அப்பாயி உள்ளறையிலிருந்து, "சத்தத்தக் கொஞ்சம் கூட்டி வையி" என்றார்.